இடப்பக்கப் பலகைகள்

ஜனவரி 9

மரவாடி நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாய்மரக் கப்பலின் வலப்பக்கத்துக்காகத் தாங்கள் அனுப்பிய முதல் லோடு பலகைகள் வந்து சேர்ந்தன. மரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பலகையும் நான் கொடுத்த வரைபட அளவைவிட ஒரு சாண் நீளமாக இருக்கிறது. அதை அறுத்துக் கழிப்பதிலேயே எங்கள் தச்சர்களின் நேரம் போகிறது. வலப்பக்கத்துக்கு இன்னும் வரவேண்டிய பலகைகளையும், அதற்குப் பிறகு இடப்பக்கத்துக்கானவற்றையும் வரைபடத்தில் உள்ள நீளத்துக்கே வெட்டி அனுப்பும்படிக் கேட்டுக்கொள்கிறேன். அளவுப்படி வெட்டும் வழக்கம் தங்கள் மரவாடியில் இல்லையென்றால் வேறு இடத்தில் கேட்க நேரிடும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயிற்சிப் பொறியாளர், அளவைப் பிரிவு

குறிப்பு: அம்மாவின் கண் சொட்டு மருந்தை லாரி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும். அம்மாவிடம் கொடுத்தால் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோவார். நீயே போட்டுவிடு அக்கா.

*

ஜனவரி 13

மேன்மை தங்கிய அளவைப் பிரிவு அவர்களுக்கு,

நிர்வாகி எழுதுவது. யாரடா அந்த நிர்வாகி என்று கவரை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். நான்தானாம். உன் தலையில் பேன் பார்த்த நிர்வாகி. நீ பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால்கூடச் சொல்லாமல் நின்றபோது, கூடவே வந்து உன் பெயரைச் சொன்ன நிர்வாகி.

நான் செய்த தப்பு, உன் அத்தான் பக்கத்தில் நிற்கும்போது கவரைப் பிரித்ததுதான். உன் கடிதம் வந்தால் எப்போதும் உரக்கப் படிப்பேன், அவருக்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று. அப்படியே படித்துவிட்டேன். 'வேறு இடத்தில் கேட்க நேரிடும்' வரைக்கும் வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் போய் ரம்பத்தை நிறுத்தினார். எங்கள் ரம்பம் நின்றால் இந்தத் தெருவே தலையைத் தூக்கிப் பார்க்கும், உனக்குத் தெரியும்.

"உன் தங்கச்சி எனக்கு அளவு சொல்லித் தர்றாளா? லாரியில முனை அடிபடும், வெயில்ல முனை வெடிக்கும், அதுக்குத்தான கூட விடுறது? அதுவும் சும்மாதான விடுறேன்?" என்றார். அப்புறம், "சரி, மயிரிழை பிசகாம வெட்டுறேன், கொண்டுபோய்க் கண்ணுல ஒத்திக்கச் சொல்லு" என்று வலப்பக்கத்தின் மீதியை உன் அளவுக்கே வெட்டிவிட்டார். இடப்பக்கத்துக்கும் ஒரு பலகை வெட்டினார். எல்லாம் இந்த லாரியில் வருகின்றன.

இதோடு நிற்கவில்லை. நீ பட்டம் வாங்கிய அன்று, இரண்டு நாள் வாடகையை விட்டுவிட்டு நம் எல்லோரையும் மர லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாரே, அப்போது கல்லூரி வாசலுக்கு ஒரு தெரு முன்னாலேயே, "இங்கயே நிறுத்திடுங்க அத்தான்" என்றாய். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாதவர் நேற்று பேசினார்.

போனில் கேட்கலாம் என்று நினைத்தேன். நீ 'ம்' என்பாய், நான் கத்துவேன், நீ இன்னொரு 'ம்' போடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் குறிப்பு எழுதாதே. இந்த மேசைக்கு ஒரு கால் கட்டை, ஆடுகிறது.

மருந்து போட்டேன்.

அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

அந்தக் கடிதத்தை எழுதியபோது தலைமைப் பொறியாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கோப்புக்கு ஒரு நகல் வேண்டுமாம். கடைசி வாக்கியம் அவர் சொன்னது. 'அந்த நிர்வாகி என் அக்கா சார்' என்று சொல்ல வாய்வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

வலப்பக்கப் பலகைகள் அச்சாகப் பொருந்தின. நீ பார்த்திருக்க வேண்டும். ஆவிப் பெட்டி என்று சவப்பெட்டியைப் போல நீளமாக ஒன்று வைத்திருக்கிறார்கள். பலகையை அதற்குள் தள்ளி ஆவியில் வேகவிடுவார்கள். வெந்ததும் தச்சு மேஸ்திரி, "ஓடு, ஓடு, ஆறிடப் போகுது" என்று கத்துவார். கையுறை போட்ட ஆட்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, கப்பலின் விலா மரங்கள்மேல் சாத்தி, சூடு ஆறுவதற்குள் வளைத்து இறுக்குவார்கள். மரம் முனகும். முதல் தடவை கேட்டபோது பயந்துவிட்டேன். மேஸ்திரி, "சோம்பல் முறிக்குதும்மா" என்றார்.

இந்தக் கப்பல் முதலில் உப்பு ஏற்றியதாம். அப்புறம் கூரை ஓடு, அப்புறம் மாடு. பாய்மரங்களுக்கு வேலை இல்லாமல் போனதும் பாய்களைக் கழற்றிவிட்டுத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டு, கயிறும் பெயிண்டும் வைக்கும் கிடங்காக ஆக்கிவிட்டார்கள். நான் பெரும்பாலும் அதன் அடிவயிற்றில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மர இடுக்கைச் சுரண்டினால் இன்னும் உப்பு உதிர்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே.

கப்பலைக் கரையில் இழுத்து நிறுத்தியிருக்கும் தளம் எங்களுக்கு பிப்ரவரி கடைசிவரைதான். அதற்குள் தண்ணீரில் இறக்க வேண்டும். முடியாவிட்டால் கப்பலைப் பிரித்துவிட்டு, பாய்மரத்தை மட்டும் துறைமுக வாசலில் நட்டுவைக்கலாம் என்று புதுப்பிக்கும் குழுவில் சிலர் இப்போதே பேசுகிறார்கள். அப்படி ஆனால் அளவைப் பிரிவுக்கும் வேலை இல்லை. அளவைப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

இடப்பக்கம் ஒரு தகரக் கொட்டகையை ஒட்டி நிற்கிறது. ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். அதனால் அங்கே அளக்கவில்லை. "கப்பல்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதாம்மா. ஒரு பக்கத்தை அளந்து கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக்க" என்று தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். இடப்பக்கப் பலகைகள் எப்போது வரும் என்று எழுது.

அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது?

தங்கை

*

ஜனவரி 24

அளவைப் பிரிவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இடப்பக்கப் பலகைகள் வேலையில் இருக்கின்றன. கண் பரவாயில்லை.

நிர்வாகி

*

பிப்ரவரி 2

அக்கா,

இதைப் படித்ததும் முதலில் ரம்பத்தை நிறுத்தச் சொல். மீதியை அப்புறம் படி.

நேற்றுக் கொட்டகையைப் பிரித்து, இடப்பக்கத்தின் பழைய பலகைகளைக் கழற்றினார்கள். இன்று காலை அத்தான் வெட்டிக் கொடுத்த அந்த ஒற்றைப் பலகையை வேகவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வளைத்தார்கள். மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பலகை நாலு விரல் குட்டை.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒவ்வொரு பலகையின் முனையும் ஒரு விலா மரத்தின்மேல் முடிய வேண்டும். அங்கேதான் ஆணி அடிக்க இடம். இது இரண்டு விலா மரங்களுக்கு நடுவே காற்றில் நின்றது. துண்டு வைத்து ஒட்டினால் முதல் அலையிலேயே பிய்ந்துவிடும்.

நாடாவை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் முழுக்க ஊர்ந்தேன். கப்பலின் இரண்டு பக்கமும் ஒன்று இல்லை அக்கா. இடப்பக்கத்தின் மூக்கு வலப்பக்கத்தைவிட உப்பலாக இருக்கிறது. அங்கே விலா மரங்களே வேறு ஜாதி மரம். வலப்பக்கத்தில் எல்லாம் மர ஆணி, இங்கே இரும்பு போல்ட். மேஸ்திரி தடவிப் பார்த்துவிட்டு, "எங்கயோ நல்லா முட்டு வாங்கியிருக்கு. அவசரத்துல ஒட்டுப்போட்டு மறுபடி வேலைக்கு அனுப்பிட்டானுங்க" என்றார். மூக்கை நெருங்க நெருங்க வித்தியாசம் கூடுகிறது. என் வரைபடப்படி வெட்டினால் ஒரு பலகைகூட உதவாது.

திருப்பிப் போடச் சொன்னபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒருநாள் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தபோது, மூக்கருகே மட்டும் கப்பல் அழுத்திக் கொட்டகைத் தகரம் நசுங்கியிருந்ததைக் கவனித்தேன். கேட்டிருக்கலாம். எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த நீளத்தில் காய்ந்த மரம் வேறு எங்கும் இல்லை என்று அத்தானே முன்பு சொல்லியிருக்கிறார். பச்சை மரம் வாங்கிக் காயவைக்க இரண்டு வருடம் ஆகும்.

மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அம்மா போனுக்கு அடித்தேன், எடுத்தார். "அக்காவைக் கூப்பிடும்மா" என்றேன். "அவ கோவமா இருக்கா. நீ சாப்பிட்டியா?" என்றார். பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். நான் கத்தினேன் அக்கா, பக்கத்து அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா, "எதுக்கு இப்படிக் கத்துற, தொண்டை என்னத்துக்கு ஆகும்" என்று வைத்துவிட்டார். அப்புறம் அந்தப் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் போட்டிருக்க மாட்டார்.

லாரி அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். அத்தானிடம் சொல். எப்படிச் சொல்வாயோ தெரியாது. அந்த ஒரு சாணை அவர் விட்டு வைத்திருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். ஏற்கெனவே வெட்டியிருந்தால் எத்தனை என்று மட்டும் எழுது.

*

பிப்ரவரி 3

அடி ஊமைக்கோட்டான்,

ஒன்றுகூட வெட்டவில்லை. மூச்சு விடு. லாரி அண்ணன், "உன் தங்கச்சி மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு, உடனே பதில் குடு" என்று வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அதனால் நல்ல செய்தியை முதலில் எழுதிவிட்டேன்.

இனி நடந்தது. உன் இரண்டாவது கடிதம் வந்ததும் உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படித்தேன். கப்பல், உப்பு, மாடு, மேஸ்திரி எல்லாம் வந்தார்கள். எனக்குச் சமாதானம் வந்தது. அம்மாவின் கண்கூட வந்தது. அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றேன். எழுந்து போய் இடப்பக்கப் பலகை எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். "மயிரிழை பிசகாம வேணும்னா அவளே வந்து வெட்டிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கும் உன்மேல் எரிச்சல்தான். அதனால்தான் 'வேலையில் இருக்கின்றன' என்று எழுதினேன். நீ போனில் கேட்ட ரம்பம் யாருக்கோ கட்டில் செய்ய ஓடியது.

உன் கடிதத்தை இந்த முறை மனதுக்குள் படித்தேன். படித்துவிட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தார். 'அந்த ஒரு சாணை விட்டு வைத்திருந்தால் போதும்' என்ற இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், பலகைகளை யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்பதுபோல. திரும்பி வந்து சிரித்தார். மூன்று வாரம் கழித்து அந்த முகத்தில் பல்லைப் பார்த்தேன்.

"நான் வெட்டலன்னு எழுது. கோவத்துலதான் வெட்டலன்னும் எழுது. இல்லன்னா என்னைப் பெரிய ஞானின்னு நெனச்சுக்கப் போறா" என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

ஒரு நிபந்தனையும் சொன்னார். பலகை நாளைக் காலை கிளம்பும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் உன் தலைமைப் பொறியாளரிடம் நீயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "மேஸ்திரி சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. அது நல்லா இருக்காது" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வாயைத் திற. பல்லெல்லாம் இருக்கிறதா என்று அவர்களும் பார்க்கட்டும்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே, சாப்பிட்டியான்னு கேட்டேனே" என்கிறார்.

அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உரக்கப் படி.

அத்தான், குட்டையாகிப்போன அந்த ஒன்றுக்குப் பதிலானதும் சேர்த்துப் பலகைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. நன்றி என்று எழுதினால் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது. பலகைகளைப் பார்த்ததும் நான் லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். லாரி அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நீங்க குடும்பமா சேந்து என்னைத் தபால்காரன் ஆக்கிட்டீங்க" என்றார்.

சொன்னேன். பலகை வருவதற்கு முன்பே சொன்னேன். தலைமைப் பொறியாளரின் அறையில் குழுவினர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. வழக்கமாக அப்படியே திரும்பி வந்துவிடுவேன். "சார், இடப்பக்கத்தை நான் அளக்கவே இல்ல சார்" என்றேன். டீயை உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. முழுவதையும் சொன்னேன். வரைபடம், நாலு விரல், நசுங்கிய தகரம், மரவாடி நிர்வாகி என் அக்கா என்பது வரை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு பக்கம் போதும்னு சொன்னது நான்தான?" என்றார். "உனக்குச் சந்தேகம் வந்திருக்கு. ஏன் அப்பவே கேக்கல?"

"பயமா இருந்துச்சு சார்."

"இப்போ?"

"இப்பவும் இருக்கு சார்."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் சிரித்தார். வேலை போகவில்லை. இடப்பக்கத்தை முழுவதுமாக அளந்து புது வரைபடம் போடச் சொன்னார். நானும் மேஸ்திரியும் அன்றே தொடங்கினோம். அவர் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, நான் எண்ணைச் சொல்லச் சொல்ல, "சத்தமா, சத்தமா, கப்பலுக்கே கேக்கணும்" என்று விரட்டினார். இப்போதெல்லாம் சத்தமாகத்தான் சொல்கிறேன்.

நடுப்பகுதியில் உங்கள் ஒரு சாணில் பாதி மிஞ்சியது. மூக்கை நெருங்க நெருங்க மிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பலகையை வேகவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முனை விலா மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. வெளியே மிஞ்சி நின்றது ஒரு விரல் அகலம். மேஸ்திரி அந்தத் துண்டை அறுத்து என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. அதை இந்தக் கடிதத்தோடு அத்தானுக்கு அனுப்புகிறேன்.

இப்போது இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடிக்கிறார்கள். கலப்பத்து என்று பெயர். நாள் முழுக்க டொக் டொக் என்று சத்தம், தூங்கும்போதும் காதில் கேட்கிறது. இம்மாதம் 27 அன்று கப்பலைத் தண்ணீரில் இறக்குகிறோம். எல்லோரும் வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு, லாரியிலேயே வாருங்கள். அத்தான், வாசலில் நிறுத்த வேண்டாம். நேராகத் தண்ணீர் ஓரம் வரை ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

தங்கை

*

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார், கப்பலை அவரே இறக்கியதுபோல.

உன்னிடம் நேரில் சொல்லாததை எழுதுகிறேன். வாசலில் அந்தக் காவலாளி, "லாரியெல்லாம் உள்ள விட முடியாது, ஓரமா நிறுத்திட்டு நடந்து போங்க" என்றானே, உன் அத்தான் உடனே வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். அவருக்கு அது பழக்கம். அப்போது தூரத்திலிருந்து ஒரு சத்தம். "அது எங்க வண்டி. உள்ள விடுங்க." யாரோ பெண் மேஸ்திரி என்று நினைத்தேன். பார்த்தால் நீ ஓடி வருகிறாய், தலைப்பாகை மாதிரி துண்டு கட்டிக்கொண்டு. கோட்டும் சூட்டும் போட்டவர்களின் கார்கள் எல்லாம் வெளியே நிற்க, எங்கள் மர லாரி மட்டும் தண்ணீர் ஓரம் வரை போனது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

கப்பல் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தபோது எல்லோரும் கை தட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் கசிகிறது என்றதும் நான் உன் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டேன். பலகை எங்களுடையது ஆயிற்றே. அவர் முகம் வெளுத்துவிட்டது. உன் மேஸ்திரிதான், "இவ்ளோ நாள் வெயில்ல கெடந்துச்சு, தாகம். குடிக்கட்டும். மரம் ஊறினா தானே மூடிக்கும்" என்று நிதானமாகச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. அதனால்தான் அன்று கிளம்பாமல் தங்கினோம். மறுநாள் காலையில் நீ எங்களை அடிவயிற்றுக்குள் இறக்கிக் காட்டினாய். கசிவு நின்றிருந்தது. அவர் இடப்பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மூக்குவரை போனார். கடைசிப் பலகையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து அம்மா, "இதுல உப்பு எங்கடி இருக்கு?" என்று கேட்டாரே, அதற்குள் உப்பு விஷயத்தை அம்மாவிடம் யார் சொன்னது? நான் இல்லை, உரக்கப் படித்ததோடு சரி.

நீ அனுப்பிய அந்தத் துண்டை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டி, "இவ்ளோதான் மிச்சம்" என்றார். நேற்று எதேச்சையாக இந்த மேசையின் கட்டைக் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். இழைக்கவே வேண்டியிருக்கவில்லை, சரியாக உட்கார்ந்துவிட்டது.

இப்போது மேசை ஆடவில்லை. எழுத்து அப்படியேதான் இருக்கிறது.

அக்கா